நான் உண்டாக்கிய பாறை

1. மூன்று கேள்விகள்

வேலைக்குச் சேர்ந்த அன்று எஸ்தர் மேடம் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். குடிப்பீர்களா, கை நடுங்குமா, எத்தனாவது வரை படித்தீர்கள். முதல் இரண்டுக்கும் இல்லை என்றேன். மூன்றாவதற்கு, ஏழு முழுசாகவும் எட்டு பாதியாகவும் என்றேன்.

"எண்ணு தப்பில்லாம எழுதுவீங்கல்லா?"

"எழுதுவேன்."

"அது போதும் அண்ணாச்சி."

பிறகு ஜீப்பிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தார். சின்னக் குடம் அளவுதான் இருக்கும். "கீழ வைக்கும்போது சத்தம் வரக் கூடாது" என்றார். வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அன்னைக்கு வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

அதற்கு முன் நான் பார்த்த வேலைகள் பல. திருப்பூரில் சாயப் பட்டறை, மும்பையில் இட்லி கேன் தூக்கியது, ஆழ்துளைக் கிணறு போடும் லாரி, காற்றாலைக்கு இரும்பு ஏற்றியது. எதிலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நின்றதில்லை. ஊர் சுற்றும் கால் என்று சொல்லிக்கொள்வேன். உண்மை அது மட்டுமில்லை. சாயப் பட்டறையில் ஒரு நாள் இரண்டு டப்பாவை மாற்றிக் கொட்டிவிட்டேன். யாரும் கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டேன். கிணற்று லாரியில் ஒரு குழாய் குழிக்குள் நழுவியது என் கையிலிருந்துதான். அன்றும் பஸ்தான். தப்பு நடந்த ஊருக்கு நான் திரும்பிப் போவதில்லை.

மேடம் பாளையங்கோட்டைக்காரர். வயது முப்பதுக்குள். இயற்பியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் புவியீர்ப்பை அளந்துகொண்டிருந்தார். பெட்டிக்குப் பெயர் கிராவிமீட்டர். நாங்கள் மீட்டர் என்போம். அது ஒரு நிறுவனத்திலிருந்து நான்கு மாத இரவலாக வந்தது. ஜீப் ஓட்டியவர் கடையநல்லூர் மைதீன் பாய். வளைகுடாவில் பல வருடம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். நாங்கள் மூன்று பேர்தான்.

2. தராசுத் தட்டு எங்கே

பூமி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுப்பதில்லை. அடியில் கனமான பாறை இருந்தால் இழுப்பு ஒரு துளி கூடும். லேசான மண் இருந்தால் ஒரு துளி குறையும். மீட்டருக்குள் ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு மெல்லிய கம்பி, அதில் சிறு எடை. இழுப்பு கூடினால் கம்பி தாழும். குமிழைத் திருகி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, எவ்வளவு திருகினோம் என்று படித்தால் அதுதான் ரீடிங். அந்தக் கம்பியை பீம் என்பார்கள். ரீடிங் எடுத்து முடித்ததும் பீமைப் பூட்ட ஒரு தனிக் குமிழ் உண்டு. பூட்டாமல் மீட்டரைத் தூக்கக் கூடாது. பூட்டுவது என் வேலை.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. பாலத்துக் கட்டையிலோ மைல்கல்லிலோ சிவப்புப் பெயின்டால் எண் எழுதி, பக்கத்தில் மீட்டரை வைத்து, மூன்று திருகாணிகளால் மட்டம் பார்த்து, காற்று படாமல் குடை பிடிப்பேன். மேடம் குனிந்து படித்து எண்ணைச் சொல்வார். நான் நோட்டில் எழுதி, திருப்பிச் சொல்வேன்.

எங்கே போனாலும் ஆள் கூடிவிடும். மேலநீலிதநல்லூர் போகும் வழியில் ஒரு டீக்கடைக்காரர் கேட்டார்: "என்னவே, ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களா?"

"இல்ல அண்ணாச்சி. எடை போடுதோம்."

"எத?"

"பூமிய."

அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "தராசுத் தட்டு எங்கவே?"

"நாம நிக்கது தட்டுலதான்" என்றார் மைதீன் பாய்.

"அப்ப நீரு கொஞ்சம் தள்ளி நில்லும். கணக்கு கூடிரப் போவுது."

முதல் வாரத்தில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. ஊருக்குள் ஒரு பழைய கல் மண்டபத்தின் தரைதான் எங்கள் பேஸ். காலையில் அங்கே ஒரு ரீடிங் எடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். மதியம் திரும்பி வந்து அதே கல்லில் மறுபடி எடுப்போம். சாயங்காலம் மறுபடி. ஒரு தடவைகூட அதே எண் வராது.

"அதே கல்லு, அதே பெட்டி. பிறகு ஏன் மேடம் மாறுது?"

"நிலாவும் சூரியனும் மேல இருந்து இழுக்குது. அதுக்குக் கணக்கு இருக்கு, கழிச்சிரலாம். ஸ்பிரிங்கு நேரம் போகப் போகத் தளரும். அதுக்குக் கணக்கு கிடையாது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து பாத்தாத்தான் எவ்வளவு தளந்திருக்குன்னு தெரியும். திரும்பி வராத ரீடிங்க நான் நம்ப மாட்டேன்."

திரும்பி வருவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனால் வேலை பிடித்திருந்தது.

3. புதிய வேகத்தடை

அன்று சங்கரன்கோவில் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. ஊருக்குள் கூட்டம் நெரிவதற்கு முன்பே விடிகாலையில் பேஸ் எடுத்துவிட்டுக் கிளம்பினோம். பதிமூன்றாம் புள்ளியில் ரீடிங் முடிந்தது. இடத்தின் உயரத்தை அளக்கும் ஜிபிஎஸ் கருவி அங்கேயே அரை மணி நேரம் நிற்க வேண்டும். மேடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயி பதினாலுல பெயின்ட் அடிச்சு வைங்க, பாய் வந்து என்னக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

மைதீன் பாய் ஏதோ ஒட்டகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே மீட்டரின் மூடியைப் போட்டு, தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பூட்டவில்லை.

ஒரு ஊர் முகப்பில் புதிதாக வேகத்தடை போட்டிருந்தார்கள். முந்தின நாள் இல்லை. வெள்ளைக் கோடும் இல்லை. ஜீப் தூக்கிப் போட்டதில் மீட்டர் என் கையை விட்டு எழும்பி முன்பலகையில் இடித்தது. பெரிய சத்தமில்லை. எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம்.

பாய் வண்டியை ஓரங்கட்டினார். மூடியைத் திறந்து பார்த்தேன். கீறல்கூட இல்லை. பூட்டுக் குமிழைத் தொட்டபோதுதான் அது திறந்திருப்பது தெரிந்தது.

"பூட்டலயா வே?"

"மறந்துட்டேன்."

"உள்ள ஒடஞ்சிருக்குமா?"

"தெரியல."

பாய் எஞ்சினை அணைத்தார். "ஒடஞ்சிருந்தா அதுவே காட்டிக் கொடுத்துரும். ஒடயலன்னா நாம ஏன் சொல்லணும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

பதினான்காம் புள்ளியில் மேடம் வந்து படித்தபோது பீம் ஒழுங்காக ஆடி நின்றது. உடையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஊருக்குள் கூட்டம் என்பதால் அன்று மதியம் பேஸுக்குத் திரும்பாமலே இருபதாம் புள்ளிவரை எடுத்தோம். சாயங்காலம் ஊருக்குள் வண்டி விடவில்லை. மீட்டரைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக மண்டபத்துக்கு நடந்தோம். கொட்டுச் சத்தத்திலும் கூட்ட நடமாட்டத்திலும் கல்தரையே அதிர்ந்தது. பீம் நிற்கவே இல்லை. மேடம் முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார்.

மீட்டரை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க ஒரு பேட்டரி உண்டு. அன்று இரவு கரண்ட் போய், சார்ஜ் ஏறாமல் அது இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் பேஸ் ரீடிங் நிறைய மாறியிருந்தது. மேடம் நோட்டில் காரணம் எழுதினார்: இரவில் சூடு இல்லை. அந்த மாற்றம் முழுவதையும் இரவின் கணக்கில் போட்டார். அதில் பெரும் பகுதி முந்தின நாள் மீட்டர் என் மடியிலிருந்து எழும்பி இடித்ததால் வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. புதிய பேஸ் ரீடிங்கிலிருந்து இருபத்தொன்றாம் புள்ளி தொடங்கியது.

4. கரும்பாறை

இரண்டு வாரம் கழித்து மேடம் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் லேப்டாப்பைத் திறந்து எங்களைக் கூப்பிட்டார். திரையில் எங்கள் ரீடிங்குகளைச் சேர்த்து வரைந்த ஒரு கோடு. வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து மெதுவாக ஏறி இறங்கி வந்த கோடு, ஓரிடத்தில் படிக்கட்டு ஏறுவது போல் நிமிர்ந்து, கொஞ்ச தூரம் உயரத்திலேயே போய், மறுபடி படி இறங்கியது.

"இந்த ஏழு புள்ளிக்கு அடியில ஏதோ கனமா இருக்கு" என்றார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். கோட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு கட்டம் வரைந்துகொண்டது. இவ்வளவு ஆழம், இவ்வளவு அகலம், இவ்வளவு கனம் என்று பக்கத்தில் எண்கள். "இப்படி ஒரு பாறை இருந்தா இந்த ரீடிங்தான் வரணும். அச்சு மாதிரிப் பொருந்துது."

ஏழு புள்ளி என்றதும் நான் எண்ணைப் பார்த்தேன். பதினான்கு முதல் இருபது. மீட்டர் இடித்த பிறகு அன்று எடுத்தவை, எல்லாம் ஒரே அளவு கூடியிருந்தன.

மேடம் கோட்டின் ஓரத்தை விரலால் தொட்டார். "ஒண்ணுதான் உறுத்துது. ஓரம் இம்புட்டு நறுக்குன்னு இருக்காது. அண்ணாச்சி, அன்னைக்கு மீட்டர் எங்கயும் இடிச்சுதா?"

"இல்ல மேடம்" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். என்னை அவர் நம்பினார். நோட்டில் ஓர் எண்ணைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை.

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. இடித்தது ஒரு நொடி. அந்த ஒரு நொடி இப்போது மேலநீலிதநல்லூர்ச் சாலைக்கு அடியில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கரும்பாறையாகக் கிடந்தது. அதற்கு ஆழமும் கனமும் இருந்தன. கம்ப்யூட்டர் அதைச் சந்தேகப்படவில்லை. பாறையையும் என் கைத்தவறையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் ஒட்டகக் கதை சொல்பவர்.

மேடத்தின் பேராசிரியர் போனில் பாராட்டினார். ஆய்வேட்டில் பாறைக்கு ஒரு தனி அத்தியாயம் என்று முடிவானது. மீட்டரைத் திங்கட்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். அது போய்விட்டால் மறுபடி அளக்க வழி இல்லை.

நான் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். கோயம்புத்தூருக்கு ஒரு பஸ் இருந்தது.

5. இனிஷியல்

சனிக்கிழமை மீட்டரை மரப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தோம். மேடம் பேனாவோடு வந்தார்.

"அண்ணாச்சி, உங்க இனிஷியல் என்ன?"

"எதுக்கு மேடம்?"

"தீசிஸ்ல முன்னால ஒரு பக்கம் உண்டு. ஒதவி செஞ்சவங்க பேரு போடணும். பாய் பேரு எழுதிட்டேன். வேலுச்சாமிக்கு முன்னால என்ன எழுத்து?"

என் பெயர் அதுவரை ரேஷன் கார்டில்தான் அச்சாகியிருந்தது. அது ஒரு புத்தகத்தில், அந்தப் பாறைக்கு முன்னால், பல காலம் கிடக்கும். வேறு ஊருக்குப் போனாலும் அங்கேயே கிடக்கும்.

"எழுதாதீங்க மேடம்" என்றேன்.

"ஏன்?"

"இடிச்சுது."

பேனா நின்றது. நான் தொடர்ந்தேன். "பதிமூணுக்கும் பதினாலுக்கும் நடுவுல. பூட்ட மறந்துட்டேன். முன்பலகையில இடிச்சுது."

"நான் உங்ககிட்ட கேட்டேன்."

"கேட்டீங்க."

"இல்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

வாசலில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்த பாய் திரும்பாமலே சொன்னார்: "வேகத்தடையில வெள்ளக் கோடு இல்ல மேடம்."

மேடம் திண்ணையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர் கேட்டது வேறு. "அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சீங்க?"

"வேலய விட்டு அனுப்பியிருப்பீங்க."

"பேஸுக்குத் திரும்பிப் போயி, மறுபடி ஒரு ரீடிங் எடுத்துட்டு வந்திருப்போம். அம்புட்டுதான்." மரப்பெட்டியைக் காட்டி, "அந்தப் பஞ்ச எடுங்க. நாளைக்கு ஒரு நாள் இருக்கு" என்றார்.

6. பதினான்காம் புள்ளி

ஞாயிற்றுக்கிழமை விடிய, மண்டபத்துக் கல்லில் பேஸ் எடுத்தோம். பன்னிரண்டாம் புள்ளியிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு தடவையும் பூட்டிவிட்டு, "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். புதிய வேகத்தடையில் பாய் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி, மீட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து தாண்டி, மறுபடி ஏறினேன்.

பதினான்காம் புள்ளியில் பாலத்துக் கட்டையில் என் கையால் எழுதிய எண் அப்படியே இருந்தது. மட்டம் பார்த்தேன். குடை பிடித்தேன். மேடம் குனிந்து நெடுநேரம் குமிழைத் திருகினார். எண்ணைச் சொன்னார். எழுதித் திருப்பிச் சொன்னேன். பதிமூன்றின் எண்ணுக்கும் இதற்கும் இடையே பழைய நோட்டில் இருந்த படிக்கட்டு இல்லை.

"அண்ணாச்சி, ஒங்க பாறையக் காணோம்" என்றார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஓர் அத்தியாயம் போன குரல்.

இருபதுவரை எடுத்துவிட்டு மதியத்துக்குள் பேஸுக்குத் திரும்பினோம். ஊர் அமைதியாக இருந்தது. பீம் உடனே நின்றது. காலை ரீடிங்குக்கும் அதற்கும் வழக்கமான தளர்ச்சி மட்டுமே வித்தியாசம்.

மேடம் மண்டபத்திலேயே உட்கார்ந்து, ஆடித்தபசு அன்றைய பக்கத்தைப் புரட்டினார். ஏழு ரீடிங்கின் மேலும் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். எதையும் அழிக்கவில்லை, எண்கள் கோட்டுக்கு அடியில் தெரிந்தன. ஓரத்தில் எழுதினார்: பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் இடையே மீட்டர் இடிபட்டது. பீம் பூட்டப்படவில்லை. பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, "கையெழுத்துப் போடுங்க. இனிஷியலோட" என்றார்.

மா. வேலுச்சாமி என்று போட்டேன். பையிலிருந்த சட்டைகளை அன்றைக்கே வெளியே எடுத்து வைத்தேன். அடுத்த வருடம் வேறு மீட்டர் வந்தது. அதன் பிறகு இன்னொரு மீட்டர். இப்போதும் நான்தான் தூக்குகிறேன்.

களத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மீட்டர் பொய் சொல்லாது. அதற்கு நடந்ததை மட்டும்தான் அது காட்டும். என்ன நடந்தது என்பது தூக்குகிறவனுக்குத்தான் தெரியும். நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் ஓர் ஓரம் காலியாக விட்டிருக்கும். லாரி போனால் எழுதுங்கள், காற்று அடித்தால் எழுதுங்கள், இடித்தால் அந்த நிமிஷமே எழுதுங்கள். எழுதிவிட்டு, புறப்பட்ட கல்லுக்குத் திரும்பி வாருங்கள்.