ஹோஸ்டிங்காரன் மேல் போட்ட பழி

விதிமுறை தவறிய கோப்பில் கையெழுத்திடாத அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். லாரி பழுதானால் எந்த ஊரில் எந்த மெக்கானிக் என்று சங்ககிரி ஓட்டுநர்கள் சொன்னதைத் தொகுக்க, இணையதளங்களுக்கு இடம் வாடகைக்குத் தரும் மலிவான ஹோஸ்டிங் நிறுவனத்தில், விக்கி என்னும் தகவல் தளம் ஒன்றை நிறுவினேன். முடிந்ததும், பாதுகாப்புக்காக நிறுவல் கோப்புறையை நீக்கச் சொன்னது திரை. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். தளத்துக்கு நகலும் எடுத்து வைக்கவில்லை.

ஒரு மதியம் ஓட்டுநர் ஒருவரின் மனைவி அழைத்தார்.

"ஏனுங்க சார், எங்க ஊட்டுக்காரரு வண்டி நாக்பூர்கிட்ட நின்னுபோச்சுங்க. மெக்கானிக் நம்பரைத் தேடுனா ரம்மி விளம்பரமா வருதுங்க."

தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் நீக்காமல் விட்ட அந்தக் கோப்புறை வழியாக எவனோ நுழைந்து எல்லாவற்றையும் அழித்திருந்தான்.

"ஹோஸ்டிங்காரன் தப்பும்மா," என்றேன்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? மனசு நோகாதீங்க. வேற யாரையாச்சும் கேட்டுக்கறனுங்க."

கணவர் நடுவழியில் நிற்க, அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.