எலும்புக்குள் ஒரு கங்காணி

வந்தவருக்கு என்ன நோவு என்று கேட்பதற்கு முன்பே ஞானரட்ணம் சுண்ணக்கட்டியை எடுத்துவிடுகிறார். மருந்துக் காம்பராவின் கதவில் ஒரு தொடையெலும்பு வளர்கிறது. அதற்குள் பொந்துகள், பொந்துகளில் மூட்டைப்பூச்சி போன்ற உருவங்கள். இருமலுக்கு வந்தவரும் படம் முடியும்வரை இருமலை அடக்கிக்கொள்ள வேண்டும்.

வட்டவளைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் பதினெட்டு வருடமாக மருந்து கலக்குகிறார். காக்கிக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, சட்டைப்பையில் இரண்டு பேனா. 1963இல் கண்டி நண்பர் ஒருவர் ஆங்கில மருத்துவச் சஞ்சிகை ஒன்றை அனுப்பிவைத்தார். அன்று முதல் மனிதர்கள் அவர் கண்ணுக்கு எலும்பைச் சுற்றிய பொதிகளாகிவிட்டார்கள்.

"நம்ம எலும்புக்குள்ள, தேயிலைச் செடி வெட்டுற மாதிரியே ஒரு கவ்வாத்துக் கூட்டம் இருக்கும்மா. பழைய எலும்ப அரிச்சு எடுக்கும். பின்னாலயே வேற ஆளுங்க வந்து புதுசு வைப்பாங்க. வெட்டுறவனுக்குப் போதும்னு சொல்ல ஒரு கங்காணி வேணுமில்ல? அதுதான் ஹோர்மோன்."

பெண்களுக்கு அந்தக் கங்காணி சூலகத்திலிருந்து வருகிறார் என்பதையும், மாதவிலக்கு நின்றதும் அவரது வரவு குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லும்போது மட்டும் ஞானரட்ணம் கூரையைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறுவார். பெண்கள் முந்தானைக்குள் சிரிப்பார்கள். பிறகு கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால், எலும்பை உடைத்து அனுப்பும்படி அங்கிருந்து கட்டளை போகுமாம்.

இதைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தவர் நிஜக் கங்காணி ஆண்டியப்பன். தன்னைப் போன்ற ஒருவர் இல்லாவிட்டால் மனித உடம்பே உதிர்ந்துவிடும் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தார்.

நான் கப்பலிலும் ரயிலிலும் போய்ப் பல ஊர் வைத்தியர்களைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு தெளிவாக விளக்கி இவ்வளவு குறைவாகச் செய்யும் ஒருவரைக் கண்டதில்லை. அவர் தராத ஒரே மருந்து, துண்டு. மலையேற முடியாதவருக்குச் சமதரையில் இலேசான வேலை கொடுக்கும்படி அவர் எழுத வேண்டிய காகிதம் அது. முன்பொருமுறை எழுதியதைத் தோட்டத்தை நடத்தும் தொரை சிவப்பு மையால் வெட்டி, நீ டாக்டரா என்று கேட்டு அனுப்பினாராம். அதன்பின் யார் கேட்டாலும், இங்கிலாந்திலேயே இன்னும் ஆராய்ச்சி முடியவில்லை என்பார்.

கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்கு வயது ஐம்பத்துமூன்று. அவள் உடம்புக்குள்ளிருந்த கங்காணி போய் எட்டு வருடமாகிறது. போன தையில் தண்ணீர்க் கேத்தலைத் தூக்கியபோது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் குறைந்திருக்கிறாள், அளந்தவரே ஞானரட்ணம்தான். அளந்த அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. போன செவ்வாய்க்கிழமை, மறுநாள் தன்னை ஏழாம் நம்பர் மலைக்குப் போட்டிருப்பதாகச் சொல்லி அவள் துண்டு கேட்டாள். அது செங்குத்தான மலை, மழையும் விடவில்லை. அவர் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

"வெளங்கிருச்சுங்கய்யா" என்றாள் அவள். "மேல இருக்கிறவரு ஒடைக்கச் சொல்றாரு, நிறுத்தச் சொல்ல ஆளில்ல. தோட்டத்துல நடக்கிறதுதானே ஒடம்புக்குள்ளயும் நடக்குது. நாளைக்கு நான் வழுக்கி இடுப்பு ஒடிஞ்சா நாலு பேரு தூக்கிக்கிட்டு இங்கதான் வருவாங்க. அப்பவும் படம் போடுவீங்களா?"

ஞானரட்ணம் தான் வரைந்த எலும்பைப் பார்த்தார். சஞ்சிகையைத் திறந்தார், மூடினார். பிறகு உட்கார்ந்து இரண்டு வரி எழுதினார். மணிக்கட்டு, ஒன்றரை அங்குலம், மலைக்கு அனுப்பக் கூடாது. ஹோர்மோன் என்ற சொல் அதில் இல்லை. துண்டை ஆண்டியப்பனிடம் கொடுத்தால் அது சட்டைப்பையோடு நின்றுவிடும் என்று பேச்சியம்மா மெல்லச் சொன்னாள். அவர் எழுந்து குடையை எடுத்தார்.

தொரையின் பங்களா தெரியத் தொடங்கும் வளைவில், எவ்வளவு மழையானாலும் தோட்டத்து ஆட்கள் குடையை மடக்கிவிடுவார்கள். அதுதான் அங்கே மரியாதை. ஞானரட்ணமும் அங்கே நின்றார். தொரை விறாந்தையில் இருந்தார். ஞானரட்ணம் குடையைப் பாதிவரை மடக்கினார். காகிதத்தில் இரண்டு துளி விழுந்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடையை மறுபடி முழுதாக விரித்து, படியேறினார்.