முத்தல் என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள்

நந்தினி, அருண்,

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலச் சட்டை கொஞ்ச காலம் தொங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தோளில் பட்டை வைத்துத் தைத்த செக்யூரிட்டி சட்டை. அருண் அதை மாட்டிக்கொண்டு தெருவில் போகிற சைக்கிளை எல்லாம் நிறுத்தி "பாஸ் இருக்கா?" என்று கேட்டான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் ஒரு நாளும் வேலைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெஸ்ட் ஹவுஸில் கற்றது

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் சூப்பர்வைசர் ஒரு பக்கெட்டையும் மாப்பையும் கையில் கொடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "ரூம் செக்-அவுட் ஆச்சுன்னா உள்ள இருக்கறது எல்லாம் குப்பை. யோசிக்காத. தூக்கிப் போடு."

பாதி தேய்ந்த சோப்பு, பிளாஸ்டிக் பாட்டில், உடம்பு தேய்க்கிற நைலான் நுரை வலை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ஒரு நாள் ஒரு வெளிநாட்டு அம்மாவின் பாத்ரூமில் பழுப்பாக ஒரு நார்க்கட்டு கிடந்தது. அதையும் கவரில் போடப் போனேன். அறையைக் காலி செய்து இறங்கிய அந்த அம்மா திரும்பி ஓடி வந்து வாங்கிக்கொண்டார். அவர் ஊர்க் கடையில் காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் வைத்து, விமானத்தில் கொண்டுவந்தாராம். அவர் கையில் இருந்ததை நன்றாகப் பார்த்தேன். நம் பீர்க்கங்கூடு. காய் முற்றி, காய்ந்து, தோலும் விதையும் போனபின் மிஞ்சுகிற நார். நம் ஊரில் அதை அடுப்பில் போடுவார்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. வீட்டில் இருப்பதை வைத்து வீட்டுக்கு வேண்டியதைச் செய்வது. தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் காரமும் கலந்து சோப்பு ஊற்றினேன். அவசரப்பட்டு மறுநாளே எடுத்துக் குளித்து, உடம்பெல்லாம் எரிந்து, பிறகுதான் சோப்பை வாரக்கணக்கில் நிழலில் ஆற வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டுப் பிழிந்து, பாத்திரம் கழுவுகிற கரைசல் செய்தேன். முதல் பாட்டில் வெயிலில் இருந்து புளித்துப் பொங்கி, மூடி கூரையில் போய் அடித்தது.

உங்கள் அம்மா கேட்டாள், "இன்னாங்க, சோப்பு செய்யறீங்களா, சோடா செய்யறீங்களா?"

அதற்குப் பிறகு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சப் பழகினேன். கை படிந்தது. தெருவில் நாலு பேர் வாங்க ஆரம்பித்தார்கள்.

ஆர்டரும் சட்டையும்

நான் வேலை பார்த்த கெஸ்ட் ஹவுஸை வேறு ஒருவர் வாங்கி, இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். அப்போது நிர்மலா மேடம் என்று ஒருவர் அதே ரோட்டில் புதிதாக ஒரு தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்தவர். பேச்சில் தேன் இருக்காது, வார்த்தை மாறமாட்டார். என் சோப்பையும் கரைசலையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாசில திறக்கறோம். பாத்ரூம்ல ஒரு பிளாஸ்டிக் இருக்கக் கூடாது. சோப்பு, பூந்திக்கொட்டை, பீர்க்கங்கூடு மூணும் சேர்ந்த செட்டா வேணும். மூணுல ஒண்ணு இல்லன்னாலும் நான் வேற ஆள்கிட்ட போயிடுவேன் தேவராஜ். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார். முதல் தவணைக்கு நூறு கூடு கேட்டார்.

சோப்பும் கரைசலும் என் கையில் இருந்தன. கூடு செடியில்தான் வர வேண்டும்.

அதே சமயம் ஒரு ஏஜென்ட் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை இருப்பதாகச் சொன்னார். அங்கேயே தங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வரலாம். சட்டையை நாமே தைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அம்மாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மாசியில் இந்த ஆர்டர் கைகூடினால் ஊரோடு இருப்பது. கைகூடவில்லை என்றால் நான் கிளம்புவது. சட்டையைத் தைத்து ஆணியில் மாட்டினோம். ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்தும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

தீபத்தன்று சாப்பிட்ட கூட்டு

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் உங்கள் மாமா ஏழுமலைக்கு நிலம் இருக்கிறதல்லவா. கிணற்று ஓரம் பந்தல் போட இடம் கேட்டேன். காயைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட வேண்டும் என்றதும் அவன் முகம் மாறிவிட்டது.

"மாமா, காய முத்த உட்டா ஊரு சிரிக்கும். ஏழுமலைக்கு ஒடம்பு வணங்கலன்னு சொல்லுவானுங்க."

"சிரிக்கட்டும் மச்சான். மாசி வரைக்கும் பொறுத்துக்கோ."

வேர்க்கடலை எடுத்தபின் இடம் கொடுத்தான். விதை போட்டோம். கார்த்திகையில் பந்தல் நிறையக் காய் தொங்கியது. பார்த்துவிட்டு வந்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

தீபத்தன்று ஏழுமலையும் அவன் மனைவி செல்வியும் ஊர்க்காரர்களோடு டிராக்டரில் பாத்திரங்களைக் கொண்டுவந்து கிரிவலப் பாதையில் அன்னதானம் போட்டார்கள். நானும் போய் வரிசையில் நின்று தொன்னையில் சாதமும் கூட்டும் வாங்கினேன்.

செல்வி கரண்டியோடு நின்றிருந்தாள். "கூட்டு எப்டி கீதுண்ணா?"

"அருமையா இருக்கும்மா. பீர்க்கங்கா வாயில கரையுது."

"கரையாதா? உங்க காய்தாண்ணா. முத்தற மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு வர நேரம் இல்லன்னு நானே பறிச்சுட்டேன். ஒண்ணு உடல. புண்ணியம் எல்லாம் உங்களுக்குத்தான்."

திரும்பி மச்சானைப் பார்த்தேன். ஏழுமலை அண்டாவுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்தான். "நான் சொன்னேன் மாமா. அது மாமா காய், கை வெக்காதன்னு."

"கை வெக்காம உட்டா முத்திப் போவாதா?" என்றாள் செல்வி. "கெணத்துக்கு வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, உன் ஊட்டுக்காரன் பந்தல் பக்கம் போறதில்லையான்னு. எனக்குல்ல மானம் போவுது."

பின்னால் நின்றவர் சொன்னார், "சாமி, கொஞ்சம் தள்ளி நின்னு சாப்புடுங்க. இன்னும் எவ்ளோ பேரு கீறாங்க."

தள்ளி நின்று சாப்பிட்டேன். எதிரே மலை. நடந்து களைத்து வந்தவர்கள் என் காயைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். அண்ணாமலையாரைச் சுற்றுகிறவர்கள் வயிற்றுக்குப் போனதை எந்த வாயால் திருப்பிக் கேட்பது? கூட்டு நன்றாக வேறு இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

கேட்கக் கூடாத கேள்வி

மறுபடி விதை போட்டால் மாசிக்குள் காயாது. ஆனால் ஆடியில் பீர்க்கு போட்டவர்கள் வீட்டில் இந்நேரம் முற்றிய காய் இருக்கும். மொபெட்டை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் சுற்று வட்டாரக் கிராமங்களுக்குக் கிளம்பினேன்.

"அம்மா, முத்திப்போன பீர்க்கங்கா இருக்குதுங்களா?"

முதல் வீட்டில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏன், நாங்க கண்ணு தெரியாதவங்களா? முத்துற வரைக்கும் பாத்துட்டா இருப்போம்?"

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், "எந்த ஓட்டலுக்குயா வாங்கற? பேர சொல்லு, அந்தப் பக்கம் போவாம இருக்கேன்" என்றார்.

போன இடமெல்லாம் இதே பதில்தான். இல்லை என்பதைக்கூடக் கோபமாகச் சொன்னார்கள். தை பிறந்துவிட்டது. ஏஜென்ட் போன் செய்து, எப்போது வருகிறாய் என்று கேட்டார். மாசி பிறக்கட்டும், சொல்கிறேன் என்றேன். உங்கள் அம்மா அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஒரு நயினார் வீட்டு வாசலில், நம் பக்கத்துச் சமணர் வீடு, நின்று அதே கேள்வியைக் கேட்டேன். அந்த வீட்டம்மா, "எங்க வீட்ல முத்தல் எல்லாம் இல்லப்பா" என்று முடித்துவிட்டார். தண்ணீர் மட்டும் கேட்டேன். அவர் உள்ளே போனபோது தாழ்வாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். விட்டத்தில் காய்ந்து பழுப்பேறிய பீர்க்கங்காய் ஒரு கொத்து. ஒவ்வொன்றின் காம்பிலும் சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது.

சொம்போடு வந்தவரிடம் கேட்டேன். "அப்ப அது இன்னாங்கம்மா?"

"அதுவா? அது விதைக்கா. கொடியில இருக்கறப்பவே துணி கட்டிட்டா யாரும் பறிக்கமாட்டாங்க." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விதைக்காயப் போயி முத்தல்ன்றியே, எந்த ஊருப்பா நீ?"

தண்ணீர் குடிக்காமல் நின்றேன். இத்தனை நாளும் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் சோம்பேறி இருக்கிறாரா என்றுதான் கேட்டிருக்கிறேன். முத்தல் என்றால் கவனிக்காமல் கெட்டது. விதைக்காய் என்றால் கவனித்துக் காத்தது. காய் ஒன்றுதான்.

"அம்மா, விதை எல்லாம் உங்களுக்கு. நானே உதிர்த்து, பொக்கு போகப் புடைச்சுப் பொட்டலம் கட்டிக் குடுக்கறேன். கூடு மட்டும் எனக்குக் குடுங்க."

"கூட்ட வெச்சு இன்னா பண்ணுவ?"

சொன்னேன். பையிலிருந்த சோப்பையும் காட்டினேன்.

"கொழுப்பு எதாவது சேக்கறியா?"

"இல்லீங்கம்மா. தேங்கா எண்ணெதான்."

முகர்ந்து பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து காயின் நுனியை வெட்டி, முறத்தில் விதையை உதிர்த்துக் கொடுத்தேன். அந்த அம்மா விதையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரில் இருந்த தங்கைக்குப் போன் போட்டார். "விதைக்கா எறக்கிட்டியாடி? ஒரு ஆளு வருவாரு. கூட்ட எடுத்துக்கினு விதைய சுத்தமா குடுத்துடறாரு. உனக்கு வேல மிச்சம்."

பிறகு நான் யாரிடமும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மொபெட் சத்தம் கேட்டால் விட்டத்திலிருந்து இறக்கி வைத்தார்கள். ஒரு ஊரில் முதல் நாள் என்னைத் திட்டிய அதே அம்மா நாலு காயைக் கொண்டுவந்து, "விதைக்கான்னு அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

சமையல்காரர் சொன்ன தீர்ப்பு

கூட்டை ஊறவைத்துத் தோலை உரித்து, வழவழப்பு போக அலசி, மொட்டை மாடியில் காயவைத்தோம். நந்தினி, நீதான் காக்கா விரட்டினாய். மாசி பிறந்தபோது நூறுக்கு மேலேயே கூடு சேர்ந்திருந்தது. எல்லாவற்றையும் செட்டாகக் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

நிர்மலா மேடம் மேஜையில் கொட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன தேவராஜ், ஒண்ணு கோணலா இருக்கு, ஒண்ணு தடிச்சு மொத்தமா இருக்கு. ஒரே சைஸ்ல இல்லையே?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுது மேடம்."

"அதுக்கு? ரூம்ல வெச்சா பாக்கறதுக்கு ஒண்ணா இருக்க வேணாமா?"

ஆணியில் இருந்த சட்டைதான் கண்ணுக்குள் வந்தது. அந்நேரம் சமையல்காரர் பால் அடிப்பிடித்த தேக்சாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். மேஜையைப் பார்த்து நின்றார். அந்தக் கோணல் கூட்டையே எடுத்தார். குழாயில் நனைத்து, என் கரைசலில் கொஞ்சம் விட்டு, தேக்சாவின் அடியில் நாலு தேய் தேய்த்தார். கருப்பு கழன்று வந்தது.

"மேடம், இத போயி ரூமுக்குக் குடுக்கறீங்களே. மொத்தமா இருக்கறது பூரா கிச்சனுக்கு எடுத்துக்கறேன்."

"அப்ப ரூமுக்கு?"

"மெல்லிசா இருக்கறது முதுகுக்கு. மொத்தம் தேக்சாவுக்கு. தேக்சாவுக்கு இன்னா, கோணலா இருந்தா கோச்சுக்குமா?"

மேடம் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிரித்து அடுக்கினார்கள். ரூமுக்கு வேண்டியதும் சரியாக வந்தது, கிச்சனுக்கும் வந்தது. "மாசா மாசம் ரெண்டு சைஸும் கொண்டுவந்துடுங்க தேவராஜ். கிச்சன் கரைசல் தனியா" என்றார். 'வந்துடு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்று 'வந்துடுங்க' என்றார். திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் என்னிடம் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து நான் சொல்லும் முன்னே என் முகத்தைப் பார்த்து உங்கள் அம்மா அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்தாள். ஏஜென்ட்டுக்கும் அவளே போன் செய்து, "அவரு வரலீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒன்று

இதில் நான் கற்றதைச் சொல்கிறேன். சரக்கு நம்மிடம் இருந்தால் மட்டும் போதாது. அதை எந்தச் சொல்லால் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவருக்கு மானம் கெடாத சொல் ஒன்று அவர் வீட்டிலேயே இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். செல்வி மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை. ஒரு துணிக் கிழிசல் நான் கட்டியிருந்தால் அவள் கை வைத்திருக்கமாட்டாள். இப்போது ஏழுமலையின் பந்தலைப் பார்த்துவிட்டு அந்த ஊரில் இன்னும் ரெண்டு பேர் பந்தல் போட்டிருக்கிறார்கள். அவனிடம் யோசனை வேறு கேட்கிறார்கள். அவன் மீசையை முறுக்கிக்கொண்டு சொல்கிறானாம்.

அம்மா அந்த நீலச் சட்டையைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். நல்ல துணி, தண்டமாகப் போய்விட்டது என்கிறாள். அது தண்டமாகவில்லை. அடுத்த ஆடியில் போட்ட கொடி காய் பிடித்ததும் ஒரு நாள் காலையில் நான் மட்டும் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். ஏழுமலையும் செல்வியும் கடலைக் காட்டில் இருந்தார்கள். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, சட்டையை விரல் அகலத்துக்குக் கிழித்தேன். தோள்பட்டைதான் கிழிய மறுத்தது, பல்லால் கடித்துக் கிழித்தேன். பிறகு எழுந்து, ஒவ்வொரு காயின் காம்பிலும் ஒரு நீலத் துணியைக் கட்டிக்கொண்டே பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் போனேன்.