‘சார்மிங்’ என்பதற்கு நான் எழுதிய சொல்

கோவையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில், வரி விளம்பர கவுன்டரில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ‘கவர்ச்சிகரமான சம்பளம்’, ‘கவர்ச்சிகரமான தள்ளுபடி’ என்று தினமும் டைப் செய்து அந்தச் சொல் எனக்கு மரத்துப்போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லடத்திலிருந்து தறிக்காரர் ஒருவர் வந்தார். மகளுக்கு வரன் தேடி விளம்பரம். பெங்களூரில் இருக்கும் மகன் ஆங்கிலத்தில் எஸ்.எம்.எஸ். அனுப்பியதைப் போனில் காட்டி, தமிழில் போடச் சொன்னார். அதில் ‘சார்மிங்’ என்றிருந்தது. ஞாயிறு பக்கம் முடிய அரை மணி நேரமே பாக்கி. ‘கவர்ச்சியான பெண், 27, நர்சரி பள்ளி ஆசிரியை’ என்று அடித்தேன். கண்ணாடி எடுத்து வரவில்லை, படித்துக் காட்டுங்கள் என்றார். நேரமில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

சினிமாப் பக்கத்தில் நடிகை படத்துக்குக் கீழே போடுகிற சொல் அது. வரன் விளம்பரத்தில் ‘லட்சணமான’ என்றுதான் எழுதுவார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி வந்தார். ஞாயிறு காலையிலிருந்து கண்டவனெல்லாம் போன் செய்து அசிங்கமாகப் பேசியதாகவும், முதல் இரண்டு போனை மகளே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். சத்தம் போடவில்லை. மேனேஜர், திருத்தி இலவசமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

“வேண்டாமுங்க. மறுக்காப் போட்டா மறுக்கா போன் வருமுங்க” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமலே போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த விடுமுறை நாளில், விளம்பரப் படிவத்தில் இருந்த முகவரியை வைத்துப் பல்லடம் போனேன். அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். யாரென்று சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். விளம்பரத்தைப் படித்துவிட்டு, பள்ளியில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பாமார் அவளைப் பார்த்துச் சிரித்தார்களாம். வேலையை விட்டுவிட்டாள்.

“அந்த வார்த்தைய எழுதறப்போ என்ன நெனச்சீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமே நெனைக்கலீங்க” என்றேன்.

“நெனச்சு எழுதியிருந்தீங்கன்னா உங்க மேல கோபமாவது பட்டிருப்பனுங்க” என்றாள். அப்புறம் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

இருபது வருடத்துக்கு மேல் அதே கவுன்டரில் இருந்தேன். பக்கம் தாமதமானாலும் சரி, மெமோ வந்தாலும் சரி, வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.