டப்பாவும் டீச்சரும் ஒரு முதலையும்

அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் செக்ரட்டரி அம்மா. தண்ணீர்த் தொட்டி கழுவ வரும் ஆளிலிருந்து நாலாவது மாடி வக்கீல் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். உலகத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும் அவள் டப்பா.

அந்த ஒருத்தி அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போய்விட்டது, விசில் மட்டும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. அவள்தான் ஒருநாள் போன் பண்ணி, அதே குடியிருப்பில், அதுவும் நேர் மேல் வீட்டுக்கே குடிவரப் போவதாகச் சொன்னாள்.

"ஏய் டப்பா, இனிமே போனே வேண்டாம்டி. பால்கனில நின்னு ஒரு குரல் கொடுத்தா நீ மேல வந்துடலாம். எவ்வளவு வசதி பாரு."

செக்ரட்டரி அம்மா போனோடு பால்கனியை எட்டிப் பார்த்தாள். டீச்சரின் குரல் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையை நிறுத்துகிற குரல். அது பால்கனியிலிருந்து "ஏய் டப்பா!" என்று கிளம்பினால் நாலு மாடியும் கேட்கும். அப்புறம் ஸ்கூட்டரைப் படிக்கட்டுக்குக் குறுக்கே நிறுத்துகிற ஆளிடம் போய் எந்த முகத்தோடு அதட்டுவது? குப்பைக்காரனே சிரிப்பான்.

பெயர் வந்த கதை பழையது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்ட சிநேகிதிகள். வாடி, போடி என்றுதான் பேச்சு. டீச்சர் ஒரு வயது மூத்தவள். தன் அண்ணனுக்கு இவளைப் பேசி முடித்ததும் அவளேதான். முடித்த மறுநாளே கையைப் பிசைந்தாள்.

"அண்ணன் பொண்டாட்டின்னா உன்னை நான் அண்ணின்னு கூப்பிடணுமாடி? என்னைவிடச் சின்னவ நீ. மூக்கு ஒழுகிக்கிட்டு சென்டருக்கு வந்தவ."

"மூக்கு ஒழுகினா என்ன, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அந்த வழக்கைத் தீர்க்க சென்டரில் இருந்த படகு விளையாட்டில் பந்தயம் கட்டினார்கள். ஆற்றில் படகை விடவேண்டும், பாறையில் இடிக்கக்கூடாது, முதலை வாயில் போகக்கூடாது. ஆளுக்கு மூன்று படகு, தூரம் போகப் போகப் புள்ளி. இவள் ஜெயித்தால் ஆயுசுக்கும் அண்ணி. அவள் ஜெயித்தால் அவள் இஷ்டம். இவள் தோற்றாள். ஜாய்ஸ்டிக் இடது பக்கம் இழுத்தது என்று இன்றைக்கும் சொல்கிறாள். யாரும் கேட்பதில்லை.

சென்டரை மூடியபோது அந்தக் கம்ப்யூட்டரை இவள் கேட்டு வாங்கி, பீரோவும் கட்டிலும் வரவேண்டிய வண்டியில் ஏற்றிக்கொண்டு புகுந்த வீட்டுக்கு வந்து இறங்கினாள். வாசலில் நின்ற நாத்தனார் பார்த்துவிட்டு, "என்னடி, பொண்ணு வரும்னு பாத்தா டப்பா வருது!" என்றாள். அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர்.

இப்போது போனை வைத்த கையோடு திரும்ப எடுத்தாள்.

"டீச்சர், நீ சாமான் இறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு."

"எந்த ஆட்டம்?"

"படகு. அதே பந்தயம்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரம் ஆனது. "வரேன்டி. ஆனா இந்தக் காலத்துப் பெட்டில பழைய ஆட்டத்தை ஒப்பேத்தி ஓட்டுவாங்களே, அதெல்லாம் செல்லாது. அதே டப்பால, அதே மாதிரி ஓடணும். சத்தமும் வரணும். முதலை வாயைத் திறந்தா எனக்குக் கேக்கணும்."

வந்தது வம்பு. அந்தக் கம்ப்யூட்டர் பரண்மேல் பழைய தலையணைகளுக்கு நடுவே கிடந்தது.

அவளுடைய புருஷன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், மூக்குக் கண்ணாடிக் கடை. பரணிலிருந்து அதை இறக்கிக் கொடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏம்மா, என் தங்கச்சி உன்னை என்னன்னு கூப்பிட்டா என்ன? நான் உன்னை ஒழுங்காத்தானே கூப்பிடறேன்."

"நீங்க என்னை 'இந்தா'ன்னு கூப்பிடறீங்க. சும்மா இருங்க."

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் அளவுக்குத் தூசி. போர்டில் இருந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. சமையலறையிலிருந்து வினிகரை எடுத்துவந்து, பழைய பல் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். தேய்க்க வசதியாக, முகப்பிலிருந்து வருகிற பொடி வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுத் திரும்ப மாட்டினாள். அதில் டர்போ பொத்தானுடைய வயருக்கு மூன்று ஓட்டை, போர்டில் இரண்டே பின். எப்படி வைத்தாலும் உட்கார்ந்தது. உட்கார்ந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

ஹார்ட் டிஸ்க் கரகரவென்று இருமிவிட்டுச் செத்துப்போனது. அதன் இடத்தில் கேமராவில் போடுகிற மெமரி கார்டை மாட்டலாம், அதற்கென்று ஒரு சின்ன அடாப்டர் இருக்கிறது என்று பழைய பார்ட்ஸ் விற்கிற கடைக்காரர் சொன்னார். மாட்டினாள். பெட்டி அதைத் தன் பழைய டிஸ்க் என்றே நம்பிக்கொண்டது. விளையாட்டு இருந்த பிளாப்பி பத்திரமாக இருந்தது. பீரோவில், நகைப் பெட்டிக்குள், கம்மலுக்குப் பக்கத்தில்.

"இதையா இத்தனை நாள் பூட்டி வெச்சிருந்த?" என்றார் புருஷன்.

"உங்க தங்கச்சி சங்கதி வேற எங்க இருக்கும்?"

சவுண்ட் கார்டையும் அதே கடைக்காரர்தான் தேடிக் கொடுத்தார். முழங்கை நீளம். அதில்தான் ஜாய்ஸ்டிக் மாட்டும் வாயும் இருக்கிறது. கார்டு இல்லாவிட்டால் சத்தமும் இல்லை, படகும் அசையாது. மாட்டிப் பார்த்தால் ஆட்டம் ஆரம்பிக்கிற இடத்திலேயே "க்ர்ர்" என்று உறைந்து நின்றது. அவள் விஷயத்தைக் கண்டுபிடித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. பெட்டிக்குள் மாட்டுகிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நம்பர் வேண்டும்; பிரிண்டருக்கு என்று வைத்த ஏழாம் நம்பரையே இந்தக் கார்டும் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரே அடுப்புக்கு இரண்டு மருமகள் வந்தால் எந்தக் குடும்பம் ஓடும்? கார்டின் மேல் நம்பரை மாற்றுவதற்கென்று இருந்த ஜம்பர் என்கிற குட்டி மூடியைக் கண்புருவம் பிடுங்குகிற இடுக்கியால் எடுத்து ஐந்தாம் நம்பரில் போட்டாள். ஆட்டத்தின் செட்டப்பிலும் ஐந்து என்று மாற்றினாள். அடுத்த நிமிடம் ஸ்பீக்கரிலிருந்து டிங்கிடி டிங்கிடி என்று ஆற்றுப் பாட்டு கிளம்பி வீட்டை நிரப்பியது. இடுக்கியோடு ஒரு சுற்று ஆடினாள். புருஷன் கைதட்டினார்.

பாட்டுதான் இனித்தது. படகு இனிக்கவில்லை.

பழைய விளையாட்டுகளுக்கு நேரம் காலம் தெரியாது. பெட்டி என்ன வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில் அவையும் ஓடும். அதற்காகத்தான் முகப்பில் டர்போ பொத்தான். உள்ளே அழுத்தினால் வேகம், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 66 என்று எரியும். வெளியே விட்டால் மெதுவு, 33 எரியும். படகு விளையாட்டுக்கு 33தான். அவள் 33 எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். படகு விசுக்கென்று கிளம்பி, அவள் ஜாய்ஸ்டிக்கைத் தொடுவதற்குள் பாறையில் மோதிச் சிதறியது.

மறுபடி. சிதறியது. மறுபடி. முதலை விழுங்கியது.

"என்னங்க, எனக்குக் கண்ணு போச்சு. கையும் போச்சு. அன்னைக்கு இந்தப் படகை ஒத்தைக் கையால ஓட்டினவ நான்."

கண்ணாடிக்காரர் தொழில்காரர். உடனே கடைக்குக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்துப் பலகையைக் காட்டி, புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார். புதுக் கண்ணாடியில் பாறை ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. அதே பாறையில் தெளிவாகப் போய் மோதினாள்.

ஆனால் விடுகிற ஜாதி இல்லை அவள். குக்கர் சத்தம் கேட்டும் எழுந்திருக்காமல் ஓட்டினாள். அசோசியேஷன் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஓட்டினாள். கனவில் வளைவு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முதல் வளைவு தாண்டினாள், பிறகு இரண்டாவது, பிறகு முதலைக் கூட்டம் வரை. அதற்கு மேல் கை ஓடவில்லை. தோல்வி நிச்சயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பந்தய நாள் காலையில் பால்கனிக்கு ஒரு தடித்த திரைச்சீலை தைக்க அளவெடுத்தாள். சத்தத்தைக் கொஞ்சமாவது தடுக்கும் என்று.

டீச்சர் வந்தாள். ஸ்போர்ட்ஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் பிஸ்கட் பாக்கெட். பெட்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள்.

"அதே டப்பாதான். பரவால்லடி, உன்னைவிட இது நல்லா இருக்கு."

"உக்காரு. மூத்தவ நீ, நீயே முதல்ல ஓட்டு."

டீச்சர் விசிலை ஊதிவிட்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். படகு பறந்தது. பாறை. டமால்.

"ஐயையோ! என்னடி இது, பேய் புடிச்ச படகு!"

இரண்டாவது படகு. இன்னும் சீக்கிரம் டமால்.

"ஏய் டப்பா! வேகத்தை ஏத்தி வெச்சிருக்க நீ! ஃபவுல்!"

"முப்பத்திமூணுதான் எரியுது, கண்ணைத் திறந்து பாரு!"

"அண்ணே, நீயே சொல்லு. அன்னைக்கு இப்படியா ஓடுச்சு?"

கண்ணாடிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். "உனக்கும் ஒரு கண்ணாடி போட்டுப் பாக்கலாமா?" என்றார்.

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியின் முகத்தில் ஒரு அறை விட்டாள். பந்தடித்துப் பழகிய கை. அறை விழுந்த இடம் டர்போ பொத்தான். டக்கென்று உள்ளே போனது. 33 அழிந்து 66 எரிந்தது.

"போச்சு!" என்றாள் செக்ரட்டரி அம்மா. "இப்ப ராக்கெட்டாட்டம் போகப்போகுது."

மூன்றாவது படகு கிளம்பியது. கிளம்பி, ஆடி அசைந்து, நிறைமாதக்காரி படி இறங்குகிற மாதிரி மெள்ள மெள்ள ஆற்றில் இறங்கியது. மூன்று பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எண் 66. படகு ஆமை.

செக்ரட்டரி அம்மாவுக்குப் பொறி தட்டியது. மூன்று ஓட்டை, இரண்டு பின். அந்த எண் வேகத்தை அளந்தா சொல்கிறது? பொத்தான் உள்ளே போனால் 66, வெளியே வந்தால் 33, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இவள் வயரை இடம் மாற்றி மாட்டியதில் பெட்டி நேர்மாறாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாளும் அவள் பழகியது பேய் வேகத்தில். போகாத கண்ணுக்குத்தான் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிப்போய் சிரித்தாள். பாத்திரங்கள் அதிர்ந்தன. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உண்மையைச் சொன்னாள்.

"வயரை மாத்தி மாட்டிட்டேன்டி. இதுதான் சரியான வேகம். உனக்குப் போன ரெண்டு படகையும் திருப்பி எடுத்துக்கோ."

"அப்படி வா வழிக்கு!" என்றாள் டீச்சர். மூன்று படகில் அவள் ஓட்டிய ஓட்டம் சாதாரணமில்லை. முதலைக் கூட்டத்தைத் தாண்டி, அருவிக்கு அடியில் புகுந்து, கடைசிப் பாறையில் இடித்து முடித்தாள். எழுந்து நின்று விசிலை ஊதினாள். கீழே வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு யார் என்று பார்த்தார்.

"முறியடிடி பாக்கலாம், டப்பா."

செக்ரட்டரி அம்மா உட்கார்ந்தாள். அவசரத்துக்குப் பழகிய கை முன்கூட்டியே திருப்பியதில் முதல் இரண்டு படகும் பாறையில் போயின. மூன்றாவது மிதந்தது. பேய் வேகத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஆறு ஒரு வாளித் தண்ணீர் மாதிரி நின்றது. பாறை தூரத்தில் தலையைக் காட்டி, வரட்டுமா என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு வந்தது. அவள் இடது கையால் டீ குடித்தாள். வலது கையால் வளைந்தாள். ஒரு பிஸ்கட் எடுத்து நனைத்தாள்.

"ஏய், என்னடி இது! ஆத்துல படகா ஓட்டுற, சொந்தத் தெருவுல நடக்கற மாதிரி போற!"

"டீ ஆறுதுல்ல."

அருவி வந்தது. தாண்டினாள். டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். புள்ளிகள் நெருங்கின. இன்னும் ஒரே ஒரு வளைவு தாண்டினால் டீச்சரின் புள்ளி காலி. அந்த நேரம் பார்த்து செக்ரட்டரி அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி ஞாபகம் வந்துவிட்டது. எழுத்துப் பலகை முன்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தான் உட்கார்ந்திருந்த காட்சி கண்முன்னே வந்தது. சிரிப்பு பொங்கியது. டீ மூக்கில் ஏறியது. கண்ணாடி நழுவியது. கை தளர்ந்தது. ஸ்பீக்கரில் 'க்ர்ராக்' என்று முதலை வாயைத் திறந்தது. அவள் காதில் விழவில்லை.

டீச்சர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கிற அதே குரலில் அலறினாள்.

"அண்ணி! முதலை! அண்ணி, இடது பக்கம் திருப்பு!"

செக்ரட்டரி அம்மா இடது பக்கம் திருப்பவில்லை. தலையைத்தான் திருப்பினாள். நாத்தனாரின் முகத்தை அப்படியே பார்த்தாள். முதலை படகை மொத்தமாக விழுங்கியது. கடைசிப் படகு. டீச்சரின் புள்ளிக்கு ஒரு வளைவு குறைவு.

அறையில் ஆற்றுப் பாட்டு மட்டும் டிங்கிடி டிங்கிடி என்று ஓடியது.

"தோத்துட்ட," என்றாள் டீச்சர். குரல் இறங்கியிருந்தது.

"தோத்துட்டேன். நீ என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? முதலைன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"ஒண்ணும் சொல்லல. அண்ணே, நான் ஏதாவது சொன்னேனா?"

கண்ணாடிக்காரர் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினார். "என்னைக் கேக்காத. கீழ வாட்ச்மேனே மேல பாக்கறாரு."

"முதலையைப் பாத்த பதட்டத்துல வந்தது. அதெல்லாம் கணக்குல சேராது."

"சரி சேராது," என்றாள் செக்ரட்டரி அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, அளவெடுத்து வைத்திருந்த திரைச்சீலைத் துணியை மடித்து உள்ளே வைத்தாள். திரும்பி வந்தபோது டீச்சர் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து டர்போ பொத்தானை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேய் வேகம் இருக்குல்ல. அதுல நீ எதுவரைக்கும் போயிருக்க?"

"முதலைக் கூட்டம் வரைக்கும்."

டீச்சர் பொத்தானை வெளியே விட்டாள். 33 எரிந்தது. ஜாய்ஸ்டிக்கை நீட்டினாள். முகத்தை மட்டும் மானிட்டர் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"காட்டு பாக்கலாம், அண்ணி."