காரைத் தாழ்த்திய பிறகு

என் கடைசி மகனுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. வீடு மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனும் கூட்டாளிகளும் கடலோர ரோட்டில் வரிசையாகக் கார் ஓட்டிப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லார் காரும் தரையோடு தரையாக இருக்குமாம். இவனும் தன் காரின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குட்டையாக நாலு ஸ்பிரிங் போட்டு இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

என் முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. பஸ் படி எனக்கு உயரம். அதில் கால் வைத்து நாலு வருஷம் ஆகிறது. கார் சீட் முன்பெல்லாம் என் இடுப்புக்கு ஒத்து இருந்தது. திரும்பினால் உட்காரலாம், ஊன்றினால் எழலாம். இறக்கிய பிறகு உட்காருவது என்பது விழுவதுதான். எழுவதற்கு ஒரு காலை வெளியே வைத்து, மூச்சு வாங்கி, மறுகாலை இழுத்து, கதவையும் கூரையையும் பிடித்து ஏறிவர வேண்டும். ஏழெட்டு நிமிஷம் ஆகும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறேன் என்பான் மகன். கிட்டே வராதே என்பேன். நாற்றுக்கட்டு சுமந்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நான். நாலு பேர் பார்க்க என்னை ஒருத்தன் தூக்குவதா?

போகாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் சனிக்கிழமை இருக்கிறதே. செங்கல்பட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் என் அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். பேச்சு நின்றுவிட்டது. முடி மட்டும் இன்னும் இடுப்பு வரைக்கும். வேறு யார் சீப்பு வைத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு கத்துவாள். சிக்கு முற்றிப்போனால் கத்தரிக்கத்தான் வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். வாராவாரம் நானே வந்து வாரிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பார்க்கும் நேரம் சனிக்கிழமை நாலு முதல் ஐந்து. அவ்வளவு தூரம் ஆட்டோவுக்குக் காசு கட்டாது; இரண்டு மாதமாக இந்தக் காரில் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு சனிக்கிழமை மழையில் தவறிவிட்டது. அடுத்ததும் தவறினால் முடி போய்விடும்.

அந்த அடுத்த சனிக்கிழமை இரண்டரை மணிக்கே கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் ரோட்டில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. கார் இறக்கியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய மேடு வந்தால் உள்ளே இருப்பவர்கள் இறங்கிக்கொள்வார்கள். காலிக் கார் தாண்டிய பிறகு நடந்துபோய் மறுபடி ஏறுவார்கள்.

"யம்மா, இது பெரிசு. கொஞ்சம் இறங்கிக்கோயேன்."

"காருக்கு நான் வழி வுடணுமா? முடியாது போடா."

"காரோட அடி மாட்டிக்கும்மா!"

"மாட்டட்டும். என் முட்டி ரெண்டு மாசமா மாட்டிக்கினு கீது, அத யாரு பாத்தா?"

குறுக்காகத் திருப்பி ஏற்றினான். காரின் அடிவயிறு கரகரவென்று உரசியது. மேட்டைத் தாண்டி நேரான ரோடு வந்த பிறகும் ஸ்டியரிங்கைக் கோணலாகவே பிடித்திருந்தான்.

"நேரா போறதுக்கு ஏன்டா திருப்பிப் புடிச்சிகினு கீறே?"

"கொஞ்சம் இழுக்குதும்மா. அலைன்மென்ட்லாம் பண்ணியாச்சு. ஒண்ணும் ஆவாது."

செங்கல்பட்டுக்குள் நுழையும்போது முன்சக்கரம் டபடபவென்று அடித்தது. எதிரிலேயே சக்கரத்தை நேராக்கும் அலைன்மென்ட் கடை. உள்ளே விட்டான். மெக்கானிக் குனிந்து டயரின் உள்பக்கத்தைத் தடவியவர், சுருக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"வெளிய புதுசு மாதிரி கீது, உள்ள தேஞ்சி கம்பி குத்துது. காரை இறக்கிட்டியா அண்ணாத்த?"

"ஆமாண்ணா. ஆனா அலைன்மென்ட் பண்ணேனே."

"எப்போ? இறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. புது டயர் போடறப்போ."

"அது உசரமா இருந்த காருக்குப் பண்ணது. இறக்கினா சக்கரத்தோட தல உள்ள சாயும், முன்பக்க மூக்கு பக்கவாட்டுல கோணும். குண்டா இருக்கறப்போ எடுத்த சட்ட அளவு, இளைச்ச அப்பால சேருமா?"

ஸ்டெப்னி டயரை மாட்டிவிட்டு, காரை லிப்டில் ஏற்றச் சொன்னார். அம்மா இறங்க நேரமாகும் என்றான் மகன்.

"ஆயா உள்ளயே இருக்கட்டும். ரோட்ல போற வெயிட்டோடயே அளவு எடுத்துடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் கார் மேலே போய்விட்டது. ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்து ஐந்து நிமிஷம்.

"ஆட்டோ கூப்புடுடா, நான் போறேன்!"

"எங்கம்மா இறங்குவே? கீழ தரையே இல்ல."

"பெரிம்மான்னு கூப்புடத் தெரியாதா அந்தாளுக்கு? நான் இன்னா அவனுக்கு ஆயாவா?"

"சரி பெரிம்மா," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஆடாம குந்து. நீ அசைஞ்சா நம்பரும் அசையுது."

அசையாமல் உட்கார்ந்தேன். கால் மரத்தது. கண்ணுக்கு நேரே அந்தக் கடிகாரம் மட்டும் ஓடியது. அக்கா வாசல் பக்கம் தலையைத் திருப்பி வைத்திருப்பாள். நாலே கால். நாலரை. கீழே சாவி போட்டு எதையோ திருகிக்கொண்டே இருந்தார்.

லிப்டிலிருந்து காரைக் கீழே விட்டதும் மெக்கானிக் மகனிடம் சொன்னார்: "மூக்கை நேராக்கிட்டேன். இனிமே இழுக்காது. தல உள்ள சாயறது என் கையில இல்ல. பழைய ஸ்பிரிங் போட்டாத்தான் போவும். இல்லனா திரும்பவும் டயரை உள்பக்கம் துன்னும்."

மகன் தலையாட்டினான். சரி என்றானா, பார்க்கலாம் என்றானா, தெரியவில்லை.

இல்லத்தின் வாசலில் நிற்கும்போது நாலு நாற்பத்தைந்து. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். மறுகால் வரவில்லை. இங்கேயே ஏழெட்டு நிமிஷம் போனால் அக்காவுக்கு என்ன மிச்சம்? வராந்தாவில் காவல்காரரும் இரண்டு நர்சுகளும் நின்றிருந்தார்கள். இரண்டு கையையும் நீட்டினேன்.

"தூக்குடா."

நம்பாமல் பார்த்தான். பிறகு குனிந்து அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினான். ஒரு செருப்பு காருக்குள்ளேயே நின்றுவிட்டது. எடுக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனேன்.

அக்காவின் கட்டில் பக்கத்தில் ஒரு தட்டில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது. பின்தலையில் முடி அடையாய்ப் படிந்திருந்தது. எண்ணெயைத் தடவி, நுனியிலிருந்து விரலாலேயே பிரித்தேன். அவள் கத்தவில்லை. வலது பக்கம் பிரிந்து வந்தபோது ஐந்து மணி அடித்தது.

"மீதிய அடுத்த வாரம் எடுங்கம்மா," என்று நர்சு கத்தரிக்கோல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வெளியே கார் தரையோடு கிடந்தது. சீட்டில் விழுந்தேன், மகன் கதவைச் சாத்தினான். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை ஸ்பிரிங்கைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அது கெஞ்சுவதாகிவிடும். இன்று ஒரு தடவை கை நீட்டியாயிற்று. அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள்.