பிலோமி அக்கா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை

இன்று காலை பிலோமி அக்காவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

(எப்போதுமே வாங்கமாட்டார். கூச்சப்படுகிறார் என்றே ஒரு வருஷமாக நினைத்திருந்தேன். என் அறிவைப் பாருங்கள்.)

புதிதாக வந்தவர்களுக்கு: நான் தூத்துக்குடியில் வேன் வைத்து டூர் நடத்துகிறேன். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களுக்குக் கொற்கையில் பழைய துறைமுகம் இருந்த வயலைக் காட்டிவிட்டு, ஒரு மீனவர் ஊருக்குக் கூட்டிப்போவேன். அங்கே கரையிலேயே மீன் விற்பவர் பிலோமி அக்கா. என் ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு அவருக்கு வியாபாரம் கூடியிருக்கிறது. மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். டூரிஸத்தால் ஊர் முன்னேறுகிறது என்று மைக் கிடைக்கிற இடத்திலெல்லாம் நான் பேசுவது அக்காவை வைத்துத்தான்.

"வெயில் இந்த அடி அடிக்கு, ஒரு வாயாவது குடிங்கக்கா."

"வேண்டாம்ளா. குடிச்சா ஒதுங்கணும், இங்கன எங்க போக? விடியக்காலம் வந்தேன்னா மத்தியானம் வீட்டுக்குப் போயித்தான் தண்ணி."

"அதான் புதுசா டாய்லெட் கட்டியிருக்காவல்லா?"

"போயி போர்டைப் படி."

போய்ப் படித்தேன். 'சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும்'. கதவில் பூட்டு.

சாவி வைத்திருந்த அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி இது, ஊர்ப் பொம்பளைங்க மனுசங்க இல்லையா?"

"என்ட்ட ஏம்மா கத்துத? டூரிஸ்ட் கஷ்டப்படுதாவன்னு யாரோ மனு குடுத்துத்தான் இதைக் கட்டுனாவ. அவங்களுக்கு மட்டும் திறன்னு சொல்லிருக்காவ."



அந்த மனுவைக் கொடுத்தது நான்தான். 'வெளியூர்ப் பெண்கள் சிரமப்படுகிறார்கள்' என்று உருகி உருகி இரண்டு பக்கம். தினமும் கரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதை டைப் செய்யும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அக்கா இன்னைக்கி எங்க குரூப்பு, அண்ணாச்சி. திறங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திறந்தார்.

வெளியே வந்த அக்கா என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மடமடவென்று பாதியைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னைக்கி உன் குரூப்பு, சரி. திங்கக்கிழமை நீ வரமாட்ட. அன்னைக்கி நான் யாரு?"

வேனில் ஏறி, புது மனு எழுதினேன். இந்த முறை முதல் வரியிலேயே கரையில் மீன் விற்கும் பெண்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது.

அவரிடம் மீன் வாங்கி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துப்போனவர்கள் நிறைய பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்.

அடுத்த கையெழுத்து உங்களுடையதா?